குறைந்த கல், நிறைந்த தண்ணீர்

சேலம், நாமக்கல் சமவெளியில் கல்லுக்குப் பஞ்சமே கிடையாது. கஞ்சமலையில் இரும்புத்தாது, சேலத்துக்கு வடக்கே வெள்ளை வெளேரென்று மேக்னசைட், சங்ககிரியில் சுண்ணாம்புக்கல், நாமக்கல் ஊருக்கு நடுவில் ஒரே பாறையாக நிற்கும் மலைக்கோட்டை. கடல்தான் தூரம். கடலூரோ புதுச்சேரியோ போய்ச் சேர ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஆகும். இப்படிப்பட்ட ஊரில் வீட்டு வரவேற்பறையில் உப்புநீர்த் தொட்டி வைத்து, அதற்குள் பவளப்பாறையைப் போல ஓர் அமைப்பை எழுப்ப நினைப்பவர் முதலில் கேட்பது, “எத்தனை கிலோ கல் போடணும்?” என்பதுதான். இருபத்தைந்து முப்பது வருஷத்துக்கு முன்னால் அதற்குக் கிடைத்த பதில், முடிந்த மட்டும் போடு என்பது. இன்று கிடைக்கும் பதில், முடிந்த மட்டும் குறை என்பது. இந்தத் தலைகீழ் மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். தொட்டிக்கும் இது நல்லது, நம் மன்னார் வளைகுடாவுக்கும் நல்லது.

அன்று: வெள்ளைக் கூடுகள்

வீட்டில் கடல்மீன் வளர்ப்பது தொடங்கிய காலத்தில் தொட்டிக்குள் போனது செத்த பவளத்தின் கூடு. ராமேசுவரத்திலும் கன்னியாகுமரியிலும் சங்கு, சிப்பியோடு சேர்த்து அதுவும் கடைகளில் விற்றது. பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து வெளுத்த அந்தக் கூடுகளைச் சரளைக்கு மேல் நெருக்கமாக நட்டுவைப்பார்கள். சரளைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் காற்று பம்ப்பின் குழாய். வடிகட்டி என்று இருந்தது அவ்வளவுதான். சில வாரங்களில் வெள்ளைக் கூட்டின் மேல் பச்சையும் பழுப்புமாகப் பாசி ஏறும். வெளியே எடுத்து, மறுபடி வெளுத்து, வெயிலில் காயவைத்து, திரும்ப உள்ளே வைப்பார்கள். பாறையில் உயிர் ஒட்டக் கூடாது என்பதே அன்றைய பராமரிப்பு.

அந்தக் கூடுகள் வந்த இடத்தில் அப்போது நடந்தது இன்னும் பெரிய கொடுமை. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளப்பார்களிலிருந்து முருகைக்கல் எனும் பவளக்கல் வள்ளம் வள்ளமாக வெட்டி எடுக்கப்பட்டது. சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டுமானத்துக்கும் ஆலைகளுக்கும் அது போயிற்று. அலங்காரத்துக்குப் போனது அதில் சிறு பங்குதான் என்றாலும், எடுத்த இடம் ஒன்றே.

அன்று: கல்லே வடிகட்டி

அடுத்த கட்டம் உயிருள்ள பாறை, தொட்டிக்காரர்கள் பேச்சில் லைவ் ராக். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த பாறையை அதில் குடியிருந்த உயிர்களோடு தொட்டியில் வைத்தால் தண்ணீர் தானே சுத்தமாகிறது என்று 1961இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் எழுதினார். பின்னர் பெர்லின் நகரத்து வளர்ப்பாளர்கள் அந்தப் பாறையோடு, கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் நுரைவடிகட்டியையும் சேர்த்து ஒரு முறையாகவே ஆக்கினார்கள். பாறையின் மேற்பரப்பில் இருக்கும் பாக்டீரியா மீன்கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் இருக்கும் வேறு பாக்டீரியா அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும்.

கல்லே வடிகட்டி என்றானபின் கல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று எல்லோரும் நம்பினார்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 12 முதல் 24 கிலோ என்பது உலகம் முழுக்கப் பரவிய கணக்கு. நான்கடித் தொட்டியென்றால் 50 கிலோவுக்குக் குறையாது. 100 கிலோ போட்டவர்களும் உண்டு. கொங்குக் காட்டு வரப்பில் கல்கட்டு வைப்பதுபோல, பின்பக்கக் கண்ணாடியில் சாய்த்து, இடமிருந்து வலம்வரை மேல்விளிம்பு தொடும் மட்டும் அடுக்கிவிடுவார்கள். முன்னால் நீந்த மீனுக்கு ஒரு சாண் இடம் மிஞ்சும்.

முதல் ஆறு மாதம் தொட்டி பிரமாதமாக இருக்கும். அதன்பின், கல்சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடாததால் கழிவு அங்கே படியத் தொடங்கும். சுத்தம் செய்யக் கை நுழையாது, காந்தத் துடைப்பானும் நுழையாது. உள்ளே ஒரு மீன் செத்தால் எடுக்க வழியில்லை. தண்ணீர் நாறிய பிறகே தெரியும். மேலே ஒட்டிய பவளம் வளர இடமில்லாமல் கண்ணாடியிலோ பக்கத்துப் பவளத்திலோ முட்டும். தமிழ்நாட்டில் 2012 வாக்கில் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் போன காலத்தை நாமெல்லாம் மறந்திருக்க மாட்டோம். பம்ப் நின்றால் முதலில் ஆக்சிஜன் தீர்ந்துபோவது அந்த இருட்டு மூலைகளில்தான்.

நடுவில் மாறியவை

முதல் மாற்றம் சட்டத்தில் வந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின; 1989இல் அந்தப் பகுதி உயிர்க்கோளக் காப்பகமானது. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதுதான் பவளத்துக்கும். உயிருள்ளதோ செத்த கூடோ, நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம்.

இரண்டாவது மாற்றம் கருவிகளில். நுரைவடிகட்டிகள் திறன் கூடின. தொட்டிக்கு அடியில் சம்ப் என்ற துணைத்தொட்டி வந்தது. அதில் வைக்கும் ஒரு துளைப்பீங்கான் கட்டியே பாக்டீரியாவுக்கு ஏராளமான இடம் தருகிறது. பாறை சுமந்த வேலையைக் கீழே மாற்றிவிட முடிந்ததும், மேலே காட்சித்தொட்டியில் பாறை லேசாகிவிட்டது. 2000களின் தொடக்கத்தில் வந்த விசிறி வகை பம்ப்புகள் பழைய பவர்ஹெட் பம்ப்புகளைப் போல ஊசிப்பாய்ச்சலாக அடிப்பதில்லை. அகலமாக, அலைபோலத் தள்ளுகின்றன. அந்த அலை எல்லாப் பக்கமும் போய்த் திரும்ப வழி வேண்டும்.

மூன்றாவது, பார்வை. நன்னீர்த் தொட்டியில் கல்லும் செடியும் வைத்து இயற்கைக் காட்சிகளை அமைத்த ஜப்பானியர் தகாஷி அமானோ (1954–2015), வெற்றிடத்தையும் காட்சியின் ஒரு பங்காகப் பார்க்க உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தார். கடல்தொட்டிக்காரர்களும் அதைப் பின்னால் எடுத்துக்கொண்டார்கள்.

இன்று: தண்ணீர் ஊற்றுவதற்கு முன்

இன்று ஒரு நான்கடித் தொட்டி, அதாவது நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் கொண்டது, எப்படி அமைகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம். தொட்டியின் அளவைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்கிறார்கள். அதற்குள் நான்கு பக்கமும் 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு இன்னொரு கட்டம். கல் அந்த உள்கட்டத்தைத் தாண்டக் கூடாது. செயற்கையாக வார்த்த துளைக்கல்லையோ, நிலத்தில் தோண்டியெடுத்த பழங்காலப் பாறையின் உலர்கல்லையோ பரப்பி வைத்து, தட்டையான இரண்டு மூன்றை அடிக்கல்லாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு தீவு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டுக்கும் இடையில், தொட்டியின் நடுமையத்தில் விழாத ஓர் இடைவெளி. பெரிய தீவில் ஒரு வளைவு, அதிலிருந்து முன்னால் நீளும் ஒரு தட்டு. உச்சி, தண்ணீர் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டுவதில்லை. மிச்ச உயரம் பவளத்துக்கு. கிளைப்பவளம் நல்ல சூழலில் வருஷத்துக்குப் பல சென்டிமீட்டர் வளரும்.

வளைவு தானே நிற்காது. கல்லில் டிரில்லால் துளை போட்டு ஃபைபர் கம்பியோ அக்ரிலிக் கம்பியோ செருகுகிறார்கள். இரும்புக் கம்பி ஆகாது, உப்புநீரில் துருப்பிடிக்கும். மூட்டில் ஜெல் வகைச் சூப்பர் க்ளூவைத் தடவி, மேலே கல்தூளைத் தூவினால் சில நொடிகளில் இறுகிவிடும். அதற்கு மேல் எபாக்சி அல்லது சிமென்ட் பூச்சு. ஒருநாள் காய்ந்தபின் மேல்கல்லைக் கையால் அழுத்திப் பார்க்கிறார்கள். அசைந்தால் பிரித்து மறுபடி. அடிக்கல் கண்ணாடித் தரையில் நேராக உட்கார வேண்டும். மணலை அதற்குப் பிறகுதான் கொட்டுகிறார்கள். மணலைத் தோண்டும் கோபி மீனும் இறாலும் அடியைப் பறித்தாலும் கல் சாயாது.

கடைசிச் சோதனை சுலபம். தொட்டிக்குள் வைத்தபின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் வெளிச்சம் கல்லுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் தெரிய வேண்டும். வெளிச்சம் போகும் வழியில் தண்ணீரும் போகும்.

நம் ஊர்க் கல் ஆகுமா?

இங்கே எல்லோருக்கும் வரும் ஆசை இது. கஞ்சமலைக் கல்லில் இரும்பு. அது தொட்டிக்குள் போகவே கூடாது. மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். பவளம் கட்டுவது கால்சியம் கார்பனேட். நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் உடனே பொங்கும். மேக்னசைட் குளிர்ந்த அமிலத்தில் ஏறக்குறைய அசையாமல் இருக்கும். சங்ககிரிச் சுண்ணாம்புக்கல் பொங்கும்தான், ஆனால் அது வெப்பத்திலும் அழுத்தத்திலும் படிகமாகி இறுகிய கல். துளை கிடையாது, எடை அதிகம், பாக்டீரியா உள்ளே குடியேற இடமில்லை. கல் நாட்டில் வாழும் நமக்கு, இந்த ஒரு வேலைக்கு மட்டும் கல் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

தண்ணீரும் அப்படியே. இங்கே ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். ஆர்.ஓ. நீரில் செயற்கைக் கடலுப்பைக் கலந்தே நிரப்புகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 40 டிகிரியை நெருங்கும்போது தொட்டியை 26 டிகிரியில் நிறுத்த, நீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும். கல் குறைந்தால் தண்ணீர் கூடுகிறது. தண்ணீர் கூடினால் சூடு ஏறுவதும் மெதுவாகிறது. தண்ணீரில் கவனிக்க வேண்டிய இன்னொன்று கால்சியம். அதன் அருமையை நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முட்டை ஓடு உறுதியாக இருக்கத் தீவனத்தில் கிளிஞ்சல் சேர்க்கும் ஊர் இது. பவளம் நன்றாக வளரும் தொட்டியில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் கீழே கால்சியம் இறங்காமல் பார்த்துக்கொள்ள, சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறவர்கள் இன்றும் உண்டு.

கடலிலும் அதே பாடம்

கல்லில் வெளி விடும் இந்த முறை இன்று கடலுக்குள்ளும் நடக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் மூழ்கிவிட்டன. முருகைக்கல் வெட்டிய இடங்களில் அலையைத் தடுக்க எதுவும் மிஞ்சாதது அதற்கு முக்கியக் காரணம். தூத்துக்குடிக்கு அருகே வான் தீவும் கரைந்துகொண்டிருந்தது. அதைக் காக்க 2015இலிருந்து கடலடியில் சிமென்ட் கட்டிகள் இறக்கப்பட்டன. அவை திடமான சுவராக அமைக்கப்படவில்லை. பக்கமெல்லாம் துளை விட்டவை. அலையின் வேகத்தைத் தணித்து, தண்ணீரை ஊடே விட்டு, மீனுக்கு ஒதுங்க இடமும் பவளத்துக்கு ஒட்ட இடமும் தருகின்றன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதலே பவளத் துண்டுகளைச் செயற்கை அடித்தளங்களில் நட்டு வளர்த்துவருகிறது. 1998, 2010, 2016 ஆண்டுகளின் கடல்வெப்பத்தில் வெளுத்துப்போன பார்களுக்கு இந்த வேலை இன்னும் அவசரம்.

இழந்ததும் உண்டு. லைவ் ராக்கோடு வந்த கடற்பஞ்சு, உடுமீன், குழாய்ப்புழு போன்ற நூறு சிற்றுயிர்கள் உலர்கல்லில் வராது. முதல் ஒரு வருஷம் பழுப்புப் பாசியும் வழவழப்பும் மாறிமாறி வந்து பொறுமையைச் சோதிக்கும். பலர் அந்தக் கட்டத்தில் தொட்டியைக் கலைத்துவிடுகிறார்கள். பழைய முறையே மேல் என்று சொல்பவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது.

இருந்தாலும் நான் இன்றைய பக்கமே நிற்பேன். அன்று தொட்டியின் தொடக்கத்து வசதிக்கு ஒரு பார் விலை கொடுத்தது. இன்று அந்த விலையை வளர்ப்பவர் தன் காத்திருப்பால் கொடுக்கிறார். கொடுக்க வேண்டியவர் அவர்தான். சேலத்திலோ ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ புதிதாகத் தொடங்குபவர் முதல் வாரம் உப்பும் வாங்க வேண்டாம், மீனும் வாங்க வேண்டாம். வார்த்த கல்லை வாங்கி, தரையில் கட்டம் போட்டு, அடுக்கிக் கலைத்து அடுக்கிப் பழகட்டும். எடுத்துவைக்கும் ஒவ்வொரு கல்லுக்கும், இது இல்லாமல் நிற்குமா என்று கேட்கட்டும். நிற்கும் என்றால் அந்தக் கல் தேவையில்லை.