கொழுக்கட்டைக்கு இத்தாலிப் பேர்!

புது காலேஜ், புது ஊரு. வீட்டுல கட்டிக் கொடுத்த டப்பாவை எல்லார் முன்னாடியும் திறக்க யோசிச்சிருக்கீங்களா? 'வாசனை பிடிக்காம மூக்கைப் பொத்திக்கிட்டா என்ன பண்றது?'ன்னு உள்ளுக்குள்ள ஒரு உதறல் வந்திருக்கா? அப்படின்னா ஜாய்ஸ் சென் கதை உங்களுக்குத்தான்.

1950-கள். அமெரிக்காவில் இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரம். (ஹார்வர்டும் எம்.ஐ.டி-யும் இருக்கிற ஊர். இங்கிலாந்து கேம்பிரிட்ஜோட குழப்பிக்காதீங்க!) பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துல ஒரு விழா. விற்பனைக்காக ஜாய்ஸும் வீட்டிலேயே எக் ரோல் சுட்டுக் கொடுத்துட்டு வந்தார். திரும்பப் போய்ப் பார்த்தா, மேஜையில் அவரோட எக் ரோலை மட்டும் காணோம். 'சீனாக்காரி சமையலை வெளியே வைக்கக் கூச்சப்பட்டு ஒளிச்சு வெச்சுட்டாங்க போல'ன்னு அவருக்கு மனசு சுருங்கிப்போச்சு. விசாரிச்சா விஷயமே வேற. வெச்சதும் அத்தனையும் வித்துத் தீர்ந்துபோச்சாம். இன்னும் கொஞ்சம் செஞ்சு தர முடியுமான்னு அவங்களே கேட்டாங்க.

ஒரு நிமிஷம் அந்தம்மா மனசுல ஓடினதைப் பாருங்க. 'தீர்ந்திருக்கும்'னு தோணலை. 'ஒளிச்சிருப்பாங்க'ன்னுதான் தோணியிருக்கு. அந்நிய ஊர்ல வாழறவங்களுக்கு முதல்ல வர்ற நினைப்பு அதுதானே!

அது சும்மா வந்த பயமும் இல்லை. சீனத் தொழிலாளிகள் நாட்டுக்குள்ளேயே வரக் கூடாதுன்னு 1882-ல சட்டம் போட்ட தேசம் அது. 1943-ல்தான் அதை நீக்கினாங்க. அப்பவும் வருஷத்துக்கு 105 பேருக்குத்தான் அனுமதி!

ஜாய்ஸ் பிறந்தது 1917-ல், பீஜிங்கில். வசதியான குடும்பம், வீட்டில் சமையல்காரர் உண்டு. ஆனாலும் அவரோட அம்மா விடலை. 'ஒருநாள் சமையல்காரர் வெச்சுக்க வசதி இல்லாமப் போனா, அரிசியைப் பச்சையாவா மெல்லுவே?'ங்கிற மாதிரி சொல்லித்தான் மகளுக்கு அடுப்படியைப் பழக்கினாராம். அம்மா வாக்கு பலிச்சது. 1949-ல் கம்யூனிஸ்ட் படை ஷாங்காயை நெருங்கிக்கிட்டு இருந்தப்போ, கணவர், ரெண்டு குழந்தைகளோட கப்பல் ஏறினார் ஜாய்ஸ். மூணாவது குழந்தை அமெரிக்காவில்தான் பிறந்தது.

கேம்பிரிட்ஜ்ல படிக்க வந்திருந்த சீன மாணவர்கள், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கி ஜாய்ஸ் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க. ஹாஸ்டல்வாசிகளே, உங்களுக்கு இதை விளக்கணுமா என்ன?

1958-ல் கான்கார்ட் அவென்யூவில் சொந்த ரெஸ்டாரன்ட். இங்கதான் சிக்கல். அப்போ அமெரிக்கர்களுக்குத் தெரிஞ்ச 'சைனீஸ்' பெரும்பாலும் தெற்குச் சீனாவின் கான்டன் பக்கத்துக்காரங்க, அமெரிக்க நாக்குக்காக மாத்தி வெச்ச சாப் சூயி வகையறா. ஜாய்ஸுக்குத் தெரிஞ்சது பீஜிங், ஷாங்காய் சமையல். பீக்கிங் டக், மூ ஷூ போர்க், ஹாட் அண்ட் சோர் சூப்... வர்றவங்களுக்கு இதோட பேரே வாயில் நுழையாது. பேரைத் தப்பாச் சொல்லி அசிங்கப்படறதைவிட, தெரிஞ்சதையே ஆர்டர் பண்ணிட்டுப் போயிடுவாங்க. நாமளும் அப்படித்தானே?

ஜாய்ஸ் என்ன செஞ்சார் தெரியுமா? மெனுவில் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் நம்பர் போட்டார். பேர் வேண்டாம், நம்பரைச் சொன்னாப் போதும். கூட்டம் குறையற செவ்வாய், புதன் ராத்திரிகளில் பஃபே வெச்சார். எடுத்து ருசி பாருங்க, பிடிச்சா மறுபடி எடுத்துக்கோங்க. ஈயடிக்கிற நாளை ஃபுல்லாக்கின மாதிரியும் ஆச்சு, புது ருசியைப் பழக்கின மாதிரியும் ஆச்சு.

அப்புறம் அந்தக் கொழுக்கட்டை. மாவுக்குள்ள இறைச்சி வெச்சு மடிச்சு, அடிப்பக்கம் மட்டும் மொறுமொறுன்னு சிவக்க விடுவாங்க. பாஸ்டன் பக்கம் இத்தாலிக்காரங்க ஏராளம். மாவுக்குள்ள பூரணம் வெச்ச ராவியோலி எல்லாருக்கும் தெரியும். அதனால ஜாய்ஸ் வெச்ச பேர், 'பீக்கிங் ராவியோலி'! இதைச் சிலர் சமரசம்னு சொல்லலாம். எனக்கு அப்படித் தோணலை. மாத்தினது வாசல் போர்டைத்தான், உள்ளே இருந்த பூரணத்தை இல்லையே!

ஆனா எல்லா இடத்திலும் வளைஞ்சு கொடுக்கிற ஆளும் இல்லை அவர். சமையல் புத்தகம் எழுதினார். கலர் போட்டோ போட முடியாதுன்னு பதிப்பாளர்கள் கையை விரிச்சாங்க. 'போங்கய்யா'ன்னு 1962-ல் சொந்தக் காசில் அச்சடிச்சார். அச்சாகி வர்றதுக்கு முன்னாடியே கடைக் கல்லாவில் 6,000 பிரதிகளுக்கு மேல் வித்தாச்சு. முன்னுரை எழுதினது யார்ங்கிறீங்க? ஜனாதிபதி ஐசனோவருக்கே வைத்தியம் பார்த்த இதய நிபுணர் பால் டட்லி ஒயிட்!

1967-ல் டி.வி. பாஸ்டன் நகரத்து டபிள்யூ.ஜி.பி.எச். நிலையத்தில், ஜூலியா சைல்ட் பிரெஞ்சு சமையல் சொல்லிக் கொடுத்த அதே செட்டில், ஜாய்ஸின் 26 எபிசோடுகள். சீன உச்சரிப்பு கலந்த இங்கிலீஷ். அதை மறைக்காமலே பேசினார். அமெரிக்கா முழுக்க ஒளிபரப்பான சமையல் நிகழ்ச்சியில், வெள்ளையர் அல்லாத ஒரு பெண் தொகுத்து வழங்கினதுக்கு முதல் உதாரணமா இதைத்தான் சொல்றாங்க.

வாக் தெரியுமில்லையா? நம்ம வாணலியோட சீன அண்ணன். அடி உருண்டை. அமெரிக்க வீடுகளின் தட்டையான மின்சார அடுப்பில் வெச்சா உட்காராம ஆடும். அடியைத் தட்டையாக்கி, ஒரு நீளக் கைப்பிடி வெச்சு, 1970-களின் தொடக்கத்தில் காப்புரிமையும் வாங்கிட்டார் ஜாய்ஸ். (இண்டக்ஷன் அடுப்பில் பழைய இரும்புச் சட்டியை வெச்சுத் திண்டாடினவங்களுக்கு இதோட அருமை புரியும்.)

எல்லாமே ஜெயம்னு நினைச்சுடாதீங்க. 1966-ல் விவாகரத்து. அதுக்கப்புறமும் கடை மேல கடை திறந்தார். 1972-ல் சீனக் கதவு லேசாத் திறந்ததும், பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் பிறந்த மண்ணைப் பார்க்கப் போனார். ஆனா கடைசி வருஷங்களில் மறதி நோய் வந்துடுச்சு. அத்தனை ருசியையும் கையளவா மனசுலயே வெச்சிருந்த மனுஷிக்கு! 1994-ல் இறந்தார். 1998-ல் கடைசி ரெஸ்டாரன்டும் மூடப்பட்டது. 2014-ல் அமெரிக்கத் தபால்துறை அவர் முகத்தை ஸ்டாம்ப்பில் போட்டது, ஜூலியா சைல்டுக்கும் சேர்த்து ஒரே வரிசையில்.

மேல்படிப்புக்கு பாஸ்டன் பக்கம் போனீங்கன்னா, ஏதாவது சைனீஸ் கடையில் மெனு கார்டைப் புரட்டிப் பாருங்க. 'பீக்கிங் ராவியோலி' கண்ணில் பட்டா, ஒரு பிளேட் சொல்லுங்க. சூடா இருக்கும்போதே சாப்பிடணும்.