சோலாருக்கு ₹78,000 மானியம்... தளம் ஒழுகினா செலவு யாருது?

தேனி, கம்பம் பக்கம் சொந்த வீடு இருக்கிறவங்க கேட்கிற கேள்வி இது: "பிஎம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு ₹78,000 மானியம் வருதே, போடலாமா?" தாராளமா போடலாம். ஆனா ஆடிட்டரா நான் முதல்ல பார்க்கிறது, கொட்டேஷன்ல எது இல்லைங்கிறதைத்தான். பெரும்பாலும் இல்லாதது ஒழுகல் செலவு.

மொட்டை மாடியில தட்டோடு பதிச்ச அடுக்குதான் மழைத்தண்ணியைத் தடுக்குது. ஸ்டாண்டு காலுக்காக அதுல துளை போட்டு, சரியா அடைக்காம விட்டா, ஐப்பசி மழையில தண்ணி உள்ளே இறங்கும். கான்கிரீட் கம்பி துருப்பிடிக்கும். பேனல் 25 வருஷம் இருக்கும். இடையில தளத்தைச் சரிபண்ணணும்னா எல்லாத்தையும் கழற்றி மாட்டணும்.

துளையே வேண்டாம்னா, தளத்து மேல கான்கிரீட் பீடம் வச்சு நிறுத்தலாம். ஆனா ஆண்டிபட்டி பக்கம் காற்றாலை ஓட்டுற காத்து இது. ஆடியில பேனலையே தூக்கப் பார்க்கும். பீடத்துக்கு எவ்வளவு எடை வேணும், அதைத் தளம் தாங்குமான்னு இன்ஜினியர் கணக்குப் போடணும்.

கையெழுத்துக்கு முன்னாடி மூணு விஷயம்:

1. பழைய தளமா? வாட்டர்ப்ரூஃபிங் முதல்ல, பேனல் அப்புறம்.

2. ஒழுகினா யார் பொறுப்பு, எத்தனை வருஷம்? எழுதி வாங்குங்க. திட்டத்துல வர்ற 5 வருஷப் பராமரிப்பு சோலாருக்கு. அது தளத்துக்கும் சேர்த்துன்னு நினைச்சுடாதீங்க.

3. கடைசித் தவணையை நிறுத்தி வைக்கப் பேசிக்கோங்க. வடிகுழாயை அடைச்சு ஒரு நாள் தண்ணி கட்டுங்க. கீழே சீலிங்ல ஈரம் இல்லைன்னா பணத்தைக் கொடுங்க.

மானியம் ஒரு தடவைதான் வரும். ஒழுகல் ஒவ்வொரு மழைக்கும் வரும்!