டைல்ஸ் போடும் முன் வாசலை அளந்து பாருங்கள்!

மொசைக் தரை மங்கிவிட்டது. உடைத்து எடுத்தால் தூசி தாங்காது. அதனால் பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டிக்கொள்ளும் வீடுகள் இப்போது அதிகம். ஹால் பளபளவென்று மாறிவிடும். சிக்கல் படுக்கையறை வாசலில் காத்திருக்கும். இந்தப் பக்கம் புதுத் தரை, அந்தப் பக்கம் பழைய தரை, நடுவில் அரை அங்குல மேடு.

‘அரை அங்குலம்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். தலைவாசல் படி உயரமாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும், கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். உள்வாசலில் புதிதாக முளைத்த மேடு அப்படியல்ல. இருபது வருஷமாக அங்கே சமதளம் என்றே கால் பழகியிருக்கும். ராத்திரி விளக்குப் போடாமல் எழுந்து போகிற பாட்டிக்குப் பெருவிரல் தட்டினால் போதும். அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் எழுந்து நடக்க மாதக்கணக்காகும்.

தரை எவ்வளவு உயரும் என்பதை முன்பே கணக்கிடலாம். டைல்ஸ் கனம் பெரும்பாலும் 8 முதல் 10 மி.மீ., ஒட்டும் அட்ஹெசிவ் 3 முதல் 6 மி.மீ. சிமென்ட் கலவை பரப்பிப் போட்டாலோ ஒன்றரை, இரண்டு அங்குலம்கூட ஏறிவிடும். எந்த முறை என்று கொத்தனாரிடம் கேட்டு, அந்த உயரத்துக்கு டைல்ஸ் துண்டுகளை அடுக்கி, புதுத் தரைப் பக்கம் திறக்கும் ஒவ்வொரு கதவின் அடியிலும் வைத்துப் பாருங்கள்.

இடித்தால் கதவின் அடியை அறுக்க வேண்டும். தேக்குக் கதவு தாங்கும். ஃப்ளஷ் டோர் என்றால் ஓரச் சட்டம் இருக்கும் அளவுக்குள்தான் அறுக்கலாம். அறுத்த இடத்தில் பெயின்ட் அடிக்காவிட்டால் வீடு துடைக்கும் தண்ணீரில் ஊறி உப்பிவிடும். கண்ணில் படாத இடம் என்பதால், கேட்டு வாங்கினால்தான் இந்த வேலை நடக்கும்!

இரண்டு தரையும் சேரும் கோடு, மூடிய கதவுக்கு நேர் அடியில் வர வேண்டும். அங்கே சரிவான அலுமினியப் பட்டையோ, ஓரம் சாய்வாகத் தேய்த்த கிரானைட் பட்டையோ பதிக்கலாம். சதுர விளிம்பு வேண்டவே வேண்டாம். இரண்டு அங்குல மேட்டுக்குப் பட்டை போதாது. சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்பது கணக்கு. அப்படியானால் சரிவே இரண்டடி நீளும். வாசலில் அவ்வளவு இடம் ஏது? பக்கத்து அறையையும் சேர்த்து உயர்த்த வேண்டும், அல்லது தூசியைப் பொறுத்துக்கொண்டு பழைய தரையைக் கொத்தி எடுக்க வேண்டும்.

பாத்ரூமும் பால்கனியும் மட்டும் விதிவிலக்கு. தண்ணீர் உள்ளே வராமலிருக்க அவை தாழ்வாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஹால் உயர்ந்தால் பாத்ரூம் பள்ளம் இன்னும் ஆழமாகும். ஈரக்காலோடு ஏறி வரும் இடம் வேறு. படிக்கல்லைத் தரையிலிருந்து மாறுபட்ட நிறத்தில் போட்டு, சுவரில் ஒரு கைப்பிடியும் பொருத்திவிடுங்கள்.