லீவில் வந்தவர் வேறு, பென்ஷனில் வந்தவர் வேறு!

பட்டாளத்துக்காரர் பென்ஷனில் ஊர் திரும்பிவிட்டார் என்றால், "இனிமே உனக்கு என்ன குறைச்சல்?" என்று மனைவியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்று மாதம் கழித்து அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2022-க்கு முன்பு 18, 19 வயதில் சேர்ந்த பையன், பென்ஷனுக்கு வேண்டிய 15 வருட சர்வீஸோ அதற்கு மேலோ முடித்து வரும்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும். அதுவரை வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவில் வந்தவர் விருந்தாளி. கோழி அடிப்போம், பிள்ளைகள் மடியை விட்டு இறங்காது. பென்ஷனில் வந்தவர் அப்படியில்லை, வீட்டுக்காரர்! அவர் இல்லாமலே மல்லாட்டை போட்டு, களைக்கு ஆள் விட்டு, ஸ்கூல் ஃபீஸ் வரை பார்த்துப் பழகியவளிடம், "இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?" என்று கேட்டால் சுருக்கென்றுதான் இருக்கும். அவருக்கோ, என்னைக் கேட்காமலே எல்லாம் நடக்கிறதே, நான் எதற்கு என்று ஒரு ஆதங்கம். பாவம், இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

என் கணவர் 17 வருடம் ராணுவத்தில் இருந்தார். வந்த புதிதில் காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி, போர்வை மடிப்பு சரியில்லை என்று சத்தம் போடுவார். சின்னவள் அவரைக் கண்டாலே அத்தை முந்தானையில் ஒளிந்துகொள்வாள். ஒருநாள் உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொண்டோம். கிணற்று மோட்டாரும் பெரியவனின் கணக்குப் பாடமும் அவர் பொறுப்பு. கூலியும் சீட்டுப் பணமும் என் பொறுப்பு. பென்ஷன் வந்த மறுநாள் நோட்டை விரித்து வைத்து இரண்டு பேரும் கணக்குப் பார்ப்போம். பாதிச் சண்டை அதிலேயே நின்றது.

மீதிப் பாதி ராத்திரியில் இருந்தது. தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவார். அப்படிப்பட்டவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். கால்மாட்டில் தள்ளி நின்று, "என்னங்க, நான்தான்" என்று குரல் கொடுங்கள். எங்கள் பக்கம் சாவு ஊர்வலத்தில் வெடி போடுவார்கள். தெருவில் அப்படி ஏதாவது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். கோபம் ஏறுகிற மாதிரி இருந்தால், "மோட்டார் போட்டுட்டு வரேன்" என்று அவர் கிளம்பிவிடுவார். மோட்டார் போடவா போகிறார்! நானும் பின்னாலேயே போய்க் கேள்வி கேட்க மாட்டேன். சாயந்திரம் மயிலம் முருகன் கோயில் மலை வரை இரண்டு பேரும் நடப்போம். படுக்கும் முன் மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவோம். அவரை மட்டும் செய்யச் சொன்னால், "எனக்கென்ன பைத்தியமா?" என்பார். கூடவே நானும் உட்கார்ந்தால் பேச்சே வராது.

கேன்டீன் ரம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூக்கம் வர குடிக்கிறேன் என்பார்கள். முதலில் தூக்கம் வரும், பாதி ராத்திரியில் அதுவே கலைத்துவிடும். கார்டில் கோட்டா இருக்கிறது என்பதற்காக வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே!

எங்கள் உறவில் பெரியவர் ஒருவர் 1987-ல் அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர். அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த அரசியலில் யார் சரி என்பது என் விஷயம் இல்லை. ஊரில் இந்தப் பெரியவரிடம், "நம்ம ஆளுங்களையே சுட்டியா?" என்று கேட்டவர்கள் உண்டு. அதோடு வாயை மூடிக்கொண்டார். பெரியம்மா பாதி ராத்திரியில் எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே பல வருஷங்களைக் கழித்தார். அப்போது அவருக்கு வழி சொல்ல ஆள் இல்லை.

முதல் உலகப் போரிலேயே இந்த நோயை 'ஷெல் ஷாக்' என்றார்கள். வியட்நாம் போருக்குப் பிறகு, 1980-ல் அமெரிக்க மன நல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் அதைத் தனியாகச் சேர்த்தார்கள். போரிலிருந்து திரும்பியவர்களுக்காக 1979-லிருந்து அங்கே நடக்கும் ஆலோசனை மையங்களில் குடும்பத்தாரையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள்.

நமக்கும் இப்போது வழி இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். 2022-ல் வந்த டெலி மானஸ் திட்டம் அது. ராணுவத்தாருக்கென்று 2023 டிசம்பரில் புனேயில் தனிப் பிரிவும் தொடங்கினார்கள். 2003-லிருந்து நடக்கும் இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் மனைவிக்கும் சிகிச்சை உண்டு. எங்கள் பக்கத்தவர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம்.

டாக்டரிடம் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடவே போங்கள். "நல்லாத்தான் தூங்குறேன் சார்" என்றுதான் அவர் சொல்வார். ராத்திரி எத்தனை முறை எழுந்தார் என்பது உங்களுக்குத்தானே தெரியும்!

மற்ற பட்டாளத்து வீட்டுச் சகோதரிகள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்களேன். அவரும் படிக்கக் காத்திருக்கிறார்.

- முன்னாள் ராணுவ வீரரின் மனைவி, மயிலம்.