“ஆர் சென்ன?” – கண்டிச் சீமையில் செய்தி நடந்த வழிகள்

கண்டியைச் சுற்றியுள்ள எங்கட முஸ்லிம் ஊர்களில் ஒரு புதினம் காதில் விழுந்ததும் பெரியவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “ஆர் சென்ன?” என்ன நடந்தது, எப்போது நடந்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சொன்னவர் யாரென்று தெரிந்துவிட்டால் சொன்ன விஷயத்தின் எடை பாதி தெரிந்துவிடும் என்பது அவர்களுடைய கணக்கு.

தகவல் தொடர்பின் வரலாறு என்று நாம் படிப்பது பெரும்பாலும் வேகத்தின் வரலாறுதான். பறை, புறா, தபால், தந்தி, வானொலி, கைபேசி என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் முந்தியதைவிட எவ்வளவு விரைவு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அதே வரலாற்றை “ஆர் சென்ன?” என்ற கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரச பறையும் களிமண் முத்திரையும்

மலையும் காடும் மகாவலி கங்கையும் அரணாக நின்ற கண்டி இராச்சியத்தில் மன்னனின் கட்டளை பறையறைந்து அறிவிக்கப்பட்டது. சிங்களத்தில் இதற்கு ‘அண பெர’ என்று பெயர். அண என்றால் ஆணை. பெர என்றால் பறை. பறைச் சத்தம் கேட்டுச் சனம் கூடும். செய்தி வாய்மொழியாகச் சொல்லப்படும். அது அரசனின் பறை என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் பெயரில் பொய்ப் பறை அடிக்க எவனுக்குத் துணிவு வரும்?

1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679இல் தப்பியோடும்வரை கண்டிப் பகுதிக் கிராமங்களில் வாழ்ந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியான தன் நூலில் இன்னொரு சுவையான தகவலைத் தருகிறார். கணவாய்களில் முள்வேலிக் கதவுகளும் காவலர்களும் இருந்தார்கள். அவற்றைக் கடப்பவர் கையில் களிமண்ணில் பதித்த முத்திரை இருக்கவேண்டும். போர்வீரனுக்கு ஒரு படம், சுமை தூக்குபவனுக்கு வேறொரு படம், வெள்ளைக்காரனுக்கு இன்னொரு படம். எழுத்து வாசிக்கத் தெரியாத காவலனும் முத்திரையைப் பார்த்து, வந்தவன் எப்படிப்பட்டவன் என்று அறிந்துகொள்ளலாம். இன்று நாம் ‘அடையாளத்தை உறுதிப்படுத்துதல்’ என்று சொல்கிறோமே, அதைத்தான் அன்று ஒரு பிடி களிமண் செய்தது.

தவளத்தில் வந்த செய்தி

இந்த மூடிய இராச்சியத்துக்குள்ளும் வெளியுலகச் செய்தி போய்ச் சேர்ந்தது. அதைக் கொண்டுபோனவர்களில் எமது முன்னோர் முக்கியமானவர்கள். கண்டி அரசில் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்றே ‘மடிகே பத்த’ என்ற பிரிவு இருந்தது. அதில் முஸ்லிம்கள் பெரும்பங்கு வகித்தார்கள். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறும். மலையிலிருந்து பாக்கு இறங்கும். ‘தவளம்’ எனப்படும் அந்தப் பொதிமாட்டுக் கூட்டங்களோடு துறைமுகச் செய்திகளும் சேர்ந்தே ஏறின. முஸ்லிம்கள் வணிகராக மட்டுமன்றி வைத்தியராகவும் தூதராகவும் கண்டி மன்னர்களுக்குப் பணிபுரிந்ததைப் பேராசிரியர் லோர்னா தேவராஜா 1994இல் வெளியான தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

செய்தி கொண்டுவருபவனின் நாணயம் ஓர் அரசையே காப்பாற்றிய சந்தர்ப்பமும் உண்டு. 1760இல் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனைக் கொல்லச் சதி நடந்தபோது, அரண்மனைச் சேவையிலிருந்த கோபால முதலியார் என்ற முஸ்லிம் அதை மன்னனுக்கு அறிவித்தார். மன்னன் அவருக்குக் காணி வழங்கிச் சன்னஸ் எழுதிக் கொடுத்தான். சதி செய்தவர்கள் சாதாரண ஆட்களல்லர், அரசவைப் பிரதானிகள். அவர்களுக்கெதிராக வந்த சொல்லை மன்னன் நம்பியதற்கு, சொன்னவர் இன்னாரென்று அவன் அறிந்திருந்ததும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

செய்தியைச் சொல்லாமல் காத்ததும் எம் வரலாற்றில் இருக்கிறது. போர்த்துக்கேயர் துரத்த, மரப்பொந்தில் ஒளிந்துகொண்ட கண்டி மன்னனைக் காட்டிக்கொடுக்க மறுத்து உயிரைக் கொடுத்த பங்கரகம்மனை முஸ்லிம் பெண்ணின் கதை இன்றும் சொல்லப்படுகிறது. வாய்மொழி மரபுதான். ஆனாலும், எதைச் சொல்லவேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்ற பொறுப்பு செய்தியை வைத்திருப்பவருடையது என்பதை எங்கட சனம் எவ்வளவு மதித்தது என்பதற்கு அந்தக் கதை சாட்சி.

புறா, புகையிரதம், தந்தி

1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனபின் பாதைகள் திறந்தன. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1867இல் புகையிரதம் கண்டிக்கு வந்தது. இதற்கிடையில் கரையோரத்தில் ஒரு புதுமை நடந்தது. ஐரோப்பியக் கப்பல்கள் அன்று முதலில் காலித் துறைமுகத்தைத்தான் தொடும். அங்கே வந்திறங்கும் செய்தியை மற்றவர்களுக்கு முன் கொழும்பில் அச்சேற்ற, ‘சிலோன் ஒப்சேர்வர்’ பத்திரிகை 1850 முதல் புறாக்களைப் பயன்படுத்தியது. 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்திக் கம்பி வந்ததும் புறாக்களுக்கு வேலை போயிற்று.

பறவை செய்தி கொண்டுவருவது எமக்குப் புதிதல்ல. ஸூரத்துந் நம்லில் ஹுத்ஹுத் பறவை ஸபா நாட்டிலிருந்து செய்தி கொண்டுவருகிறது. அது உறுதியான செய்தி என்றுதான் பறவை சொல்கிறது. அப்படியிருந்தும் ஸுலைமான் (அலை) அவர்கள் உடனே படை திரட்டவில்லை. நீ சொன்னது மெய்யா பொய்யா என்று பார்ப்போம் என்ற கருத்தில் பதில் சொல்லி, அதனிடமே கடிதம் ஒன்றைக் கொடுத்தனுப்புகிறார்கள். ஒரு நபி, தன் படையிலேயே உள்ள ஒரு பறவையின் செய்தியைக்கூடச் சோதித்துப் பார்த்தார் என்றால் நாம் எம்மாத்திரம்?

தந்தி வந்தபோது உலமாக்களிடையே எழுந்த கேள்வியும் இதுவேதான். தந்தியில் வரும் பிறைச் செய்தியை ஏற்று நோன்பு பிடிக்கலாமா, பெருநாள் எடுக்கலாமா? கம்பியின் மறுமுனையில் இருப்பவர் யார், அவர் நம்பத்தக்கவரா, இடையில் யாரும் மாற்றவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? டமஸ்கஸ் நகர அறிஞர் ஜமாலுத்தீன் அல்காஸிமி, தந்திச் செய்தியின்படி அமல் செய்யலாம் என்று விளக்கி ஒரு தனி நூலே எழுதினார். 1911இல் அது அச்சானது. அந்தக் காலத்து உலமாக்களைப் பழைமைவாதிகள் என்று சிரிப்பவர்கள் இன்றும் உண்டு. உண்மையில் அவர்கள் கருவியைப் பார்த்துப் பயந்ததைவிட, செய்தியின் சங்கிலி அறுந்துவிடுமோ என்றே கூடுதலாகக் கவலைப்பட்டார்கள் என்பது என் எண்ணம்.

பெயர் போட்டு எழுதிய காலம்

அச்சு வந்தபோது அந்தப் பொறுப்பு பத்திரிகாசிரியரின் தோளில் ஏறியது. கண்டியின் மைந்தரான அறிஞர் எம்.சி. சித்திலெப்பை 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த மாதமே, 1883 ஜனவரியில், எகிப்தில் பிரித்தானியரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷாவும் தோழர்களும் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினார்கள். பாஷா பின்னர் கண்டிக்குக் குடிவந்து, 1901இல் தாயகம் திரும்பும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவர் வாழ்ந்த வீடு இன்று நூதனசாலை.

ஆளும் அரசு கலகக்காரர் என்று முத்திரை குத்திய ஒருவரைப் பற்றி, அதே அரசின் கீழ் வாழும் ஒரு முஸ்லிம் எழுதுவதென்றால் சொல்லுக்குச் சொல் நிதானம் வேண்டும். சித்திலெப்பை ஒரு சட்டத்தரணி. எழுதியதை நிரூபிக்கவேண்டி வரும் என்பது அவருக்குத் தெரியும். பத்திரிகையைக் கையில் எடுத்தவருக்கும் அது யாருடைய பேச்சு என்று தெரியும். பிழையென்றால் நேரே போய்க் கேட்கலாம்.

ஊருக்குள் செய்தி நடந்த விதமும் அப்படித்தான். றமழானில் ஸஹருக்கு எழுப்ப றபான் அடித்துக்கொண்டு பாவாமார் வருவார்கள். மௌத் செய்தியை ஒருவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லுவார்: “இன்னாருடைய வாப்பா மவுத்தாகிட்டாங்க, அஸருக்குப் பொறகு அடக்கம்.” பின்னர் பள்ளி ஒலிபெருக்கி வந்தது, வானொலியின் முஸ்லிம் சேவை வந்தது. பிறை 29 அன்று மஃரிபுக்குப் பிறகு வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்த அனுபவம் எம் தலைமுறைக்கு உண்டு. கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடியிருப்பவர்கள் பிறை கண்டதாகச் சொல்பவர் யார், எந்த ஊர், எப்படிக் கண்டார் என்றெல்லாம் விசாரித்துத் தீர்மானித்த பிறகுதான் அறிவித்தல் வரும். அது தாமதமாவதை நாங்கள் முணுமுணுத்ததும் உண்டு. அந்தத் தாமதம்தான் செய்தியின் பெறுமதி.

2018 மார்ச்

இனி, சொல்லக் கசப்பான பகுதி. 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் மலட்டு மாத்திரை போடுவதாகக் கதை கிளம்பியது. கூட்டம் சூழ்ந்து மிரட்ட, கடைக்காரர் தடுமாறிப் பேசிய காணொளி ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்று நாடு முழுக்கப் பரவியது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை சொன்னபோது காரியம் கைமீறியிருந்தது. அதே நாட்களில்தான் தெல்தெனியவில், வீதித் தகராறொன்றில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார். அது ஒரு குற்றம். சட்டம் விசாரிக்கவேண்டிய குற்றம். ஆனால் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் அது ஓர் இனத்தின் படையெடுப்பாகத் திரிக்கப்பட்டது. திகன தொடங்கி அகுறணை வரை வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை. மறுநாள் சமூக ஊடகங்களுக்குத் தடை. 2020 மே மாதம் முகநூல் நிறுவனம் தன் தளம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டதற்காக மன்னிப்புக் கேட்டது.

மாத்திரைக் கதையை முதலில் சொன்னது யார்? இன்றுவரை பதில் இல்லை. பறையடித்தவனுக்கு முகம் இருந்தது, தவளக்காரனுக்கு ஊர் இருந்தது, பத்திரிகாசிரியருக்குப் பெயர் இருந்தது. இந்தக் கதைக்கு எதுவுமே இல்லை.

நாம் பாதிக்கப்பட்டவர்கள் என்பதால் எமக்குப் பொறுப்பில்லை என்றாகிவிடாது. அந்த நாட்களில் நடக்காத தாக்குதல்களைப் பற்றிய குரல் பதிவுகள் எமது குழுக்களிலும் சுற்றின. எங்கோ எப்போதோ எரிந்த பள்ளியின் படத்தை “இப்ப வந்தது, எல்லாருக்கும் அனுப்புங்க” என்று தள்ளிவிட்டவர்கள் எம்மிலும் இருந்தார்கள். தடை வந்தபின் உறவினர்கள் ஒருவரையொருவர் தொலைபேசியில் நேரடியாக அழைத்துக் கேட்டார்கள். தெரிந்த குரல், தெரிந்த ஆள், “நான் கண்ணால கண்டேன்”, “நான் காணல்ல, சொல்றாங்க” என்ற வேறுபாடு. பல வதந்திகள் அந்த ஒரு வேறுபாட்டிலேயே உதிர்ந்துபோயின.

எம்மிடமே இருக்கும் மருந்து

ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம், பாவி ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஏவுகிறது. தப்ஸீர் நூல்கள் சொல்லும் அதன் பின்னணி எமக்கு மிக நெருக்கமானது. ஸகாத் சேகரிக்க அனுப்பப்பட்ட ஒருவர், அந்தக் கோத்திரத்தார் தரமறுத்துவிட்டார்கள் என்று திரும்பிவந்து சொல்கிறார். பொய்ச் செய்தி ஒரு போரின் விளிம்புவரை கொண்டுபோகிறது. விசாரித்ததால் இரத்தம் சிந்தாமல் தப்பியது.

ஹதீஸ் கலை வளர்ந்ததும் இதே தேவையால்தான். ஆரம்பத்தில் மக்கள் ‘இஸ்னாத்’ கேட்பதில்லை; குழப்பம் தோன்றிய பிறகுதான் உங்களுக்குச் சொன்னவர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள் என்ற கருத்தை இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள் சொன்னதாக இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையில் பதிந்திருக்கிறார்கள். ஒரேயொரு ஹதீஸை நேரில் கேட்க ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரழி) அவர்கள் ஒரு மாத தூரம் பயணம் செய்தார்கள். எமக்கு ஒரு நிமிடத் தொலைபேசி அழைப்பு பாரமாக இருக்கிறது.

2018 ஜூலை முதல் வட்ஸ்அப், அனுப்பிவைக்கப்பட்ட செய்திக்கு மேலே அதற்கான அடையாளத்தைக் காட்டுகிறது. செய்தி கைமாறி வந்தது என்று அது சொல்லும். யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. முஹத்திஸ்களின் மொழியில் சொன்னால், அது அறிவிப்பாளர் தெரியாத செய்தி. அப்படியொரு செய்தியை வைத்து அவர்கள் ஒரு தீர்ப்பும் எடுக்கமாட்டார்கள்.

கைபேசியை நான் குறை சொல்லவில்லை. ஜனாஸாச் செய்தி கட்டாரிலுள்ள மகனுக்கு ஒரு நொடியில் போய்ச் சேர்வதும், வைத்தியசாலையில் இரத்தம் தேவையென்றால் பத்துப் பேர் வந்து நிற்பதும் பெரிய நிஃமத். எமது பள்ளி நிர்வாகங்களும் ஊர்க் குழுக்களும் மூன்று ஒழுங்குகளை வைத்துக்கொண்டால் போதும். முதலாவது, செய்தி போடுபவர் தான் கண்டதா, கேட்டதா, கேட்டதென்றால் யாரிடம் என்று எழுதவேண்டும். இரண்டாவது, இடமும் திகதியும் இல்லாத படத்தையும் குரல் பதிவையும் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும். மூன்றாவது, பிழையென்று தெரிந்தால், போட்டவர் அதை அழித்துவிட்டு ஒதுங்காமல், அதே குழுவில் திருத்தம் போடவேண்டும்.

இதையெல்லாம் சிங்கள அயலவர்களோடும் சேர்ந்து செய்வது இன்னும் நல்லது. விகாரையின் ஹாமதுருவின் இலக்கம் பள்ளித் தலைவரிடமும், பள்ளித் தலைவரின் இலக்கம் ஹாமதுருவிடமும் இருக்கும் ஊரில், ஒரு வதந்தி எழுந்த அந்த முதல் மணித்தியாலத்திலேயே இருவரும் ஒருவரையொருவர் அழைத்து “ஆர் சென்ன?” என்று கேட்டுக்கொள்ளலாம்.