ஒரு வாசல், எத்தனை கதவு?

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் வீடு தேடி வருபவர் கடித உறையிலுள்ள இலக்கத்தை மட்டும் நம்பினால் தெருவிலேயே நிற்க வேண்டியதுதான். 112/37 என்பதுபோல ஏதோ எழுதியிருக்கும். தெருப்பக்கம் 112 என்று ஒரே ஒரு வாசல். உள்ளே போனால் ஒடுங்கிய பாதை, இரண்டு பக்கமும் வரிசையாகக் கதவுகள். முப்பத்தேழாவது கதவு எதுவென்று தபால்காரருக்குத் தெரியும்.

பிட்கொயின் வலையமைப்பில் எத்தனை கணினிகள், எந்தெந்த நாட்டில் இருக்கின்றன என்று எண்ணப் புறப்பட்டவர்களுக்கும் இதே சிக்கல்தான். கேட்பதற்கு அங்கே தபால்காரர் இல்லை.

2009 ஜனவரியில் தொடங்கிய இந்த வலையமைப்புக்குத் தலைமையகம் கிடையாது, உறுப்பினர் பதிவேடும் கிடையாது. மென்பொருளை யாரும் இறக்கி ஓட்டலாம். அப்படி ஓடும் ஒவ்வொரு கணினியும் ஒரு 'கணு'. அது யாரையும் நம்பாமல் எல்லாக் கொடுக்கல் வாங்கலையும் தானே சரிபார்க்கும். செட்டியார் தெருவின் ஒவ்வொரு நகைக்கடையும் மற்ற எல்லாக் கடைகளின் பேரேட்டையும் பிரதியெடுத்து வைத்திருப்பதுபோல. கடைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

புதிதாக வரும் கணு, தெரிந்த சில கணுக்களிடம் போய், "உங்களுக்குத் தெரிந்த முகவரிகளைச் சொல்லுங்கள்" என்று கேட்கும். ஒரு பதிலில் அதிகபட்சம் 1,000 முகவரிகள் வரும். எண்ணுகிறவர்களும் இதே வழியைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: கேட்பது, கிடைத்த முகவரிகளைத் தட்டிப் பார்ப்பது, திறந்தவரிடம் மறுபடி கேட்பது. 'பிட்நோட்ஸ்' என்ற திட்டம் பல ஆண்டுகளாக இதை இடைவிடாமல் செய்துவருகிறது. கிடைக்கும் முகவரிகளில் பல, எப்போதோ காலிசெய்யப்பட்ட வீடுகள். அவற்றைக் கழித்த பிறகும், அண்மைய ஆண்டுகளில் கதவு திறப்பவை 15 ஆயிரத்துக்கும் மேல்.

இவை தெருப்பக்கம் வாசல் உள்ளவை மட்டுமே. வீட்டு ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினி வெளியே அழைக்கும். வெளியிலிருந்து வரும் அழைப்பை ரூட்டர் பொதுவாக உள்ளே விடாது. கைபேசி நிறுவனங்கள் பெருந்தொகையான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதும் வழக்கம். நம்முடைய 112ஆம் இலக்க வாசல்தான்.

தட்டினால் திறக்காத இந்தக் கதவுகளை எண்ண, ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூவ தொழில்நுட்ப நிறுவக ஆய்வாளர்கள் தட்டுவதை விட்டுவிட்டு ஒட்டுக்கேட்டார்கள். கணுக்கள் தம் முகவரியை அக்கம்பக்கத்தில் அறிவிக்கும். அது வாய்வழிச் செய்தியாகப் பரவும். 2015 முதல் 2020 வரை அந்தப் பேச்சைச் சேகரித்து, அறிவிக்கப்பட்டும் திறக்காத முகவரிகளைப் பிரித்தெடுத்தார்கள். 2020 கடைசியில் நாளொன்றுக்குச் சுமார் 31,000 கணுக்கள் இப்படி மறைவில் இயங்கின. அதோடு நிற்காமல் தங்கள் முறையையே சோதித்தபோது, அது இத்தகைய கணுக்களில் ஏறக்குறைய பாதியை மட்டுமே பிடிப்பதும் தெரியவந்தது. தன் வலையின் ஓட்டையையும் அளந்து சொல்லும் ஆய்வுகள் அதிகமில்லை.

எண்ணிக்கையாவது பரவாயில்லை. இடம் இன்னும் சறுக்கலானது. இணைய முகவரியை நாட்டோடு பொருத்தும் தரவுத்தளங்கள் ஊகத்தில் ஓடுபவை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டுக்குப் பொலிஸாரும் கோபக்காரர்களும் வருடக்கணக்கில் படையெடுத்தார்கள். 'அமெரிக்கா, இடம் தெரியாது' என்ற சுமார் 60 கோடி முகவரிகளை ஒரு தரவுத்தளம் அந்த வளவின் மேல் குத்திவைத்திருந்தது 2016இல் வெளிவந்தது. பிறகு அந்தப் புள்ளியை ஓர் ஏரிக்குள் நகர்த்தினார்கள்.

நாடுவாரிப் பட்டியலில் ஜேர்மனி முன்வரிசையில் இருப்பதற்கு அங்குள்ள மலிவான வாடகைச் சேவையகங்களும் ஒரு காரணம். கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு அங்கே ஒன்றை வாடகைக்கு எடுத்தவரும் ஜேர்மன் கணக்கில்தான் விழுவார்.

இலங்கை அந்தப் பட்டியலின் முன்வரிசையில் இல்லை. கிரிப்டோ பற்றி மத்திய வங்கி திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. கடனட்டை, பற்று அட்டை கொண்டு அதை வாங்கவும் அனுமதி இல்லை. கணு ஓட்டுவது வேறு விஷயம். அதற்கு வேண்டியது முழுப் பேரேட்டையும் வைக்க 600 கிகாபைட்டுக்கு மேல் இடமும், தாராளமான டேட்டாவும், அறாத மின்சாரமும். 2022 மார்ச் இறுதியில் இங்கே மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரத்தைத் தொட்டது. அந்த நாட்களில் கொழும்பில் ஒரு கணு ஓடியிருந்தால், காலையில் எண்ணியவருக்கு அது இல்லை. இரவில் எண்ணியவருக்கு உண்டு. மின்சாரம் திரும்பி ரூட்டர் புது முகவரி வாங்கிக்கொண்டால், ஒரு வாரம் சேர்த்து எண்ணுபவருக்கு அதே கணு இரண்டு மூன்றாகவும் தெரியும்.

இதற்கிடையில் கதவு திறக்கும் கணுக்களிலேயே பாதிக்கு மேல், இருப்பிடத்தை மறைக்கும் 'டோர்' வலைக்குள் ஒதுங்கிவிட்டன. அங்கே முகவரிக்கு நாடு என்பதே இல்லை. ஆகவே பிட்நோட்ஸின் நாடுகள் பட்டியலில் முதலிடம் அமெரிக்காவுக்கோ ஜேர்மனிக்கோ கிடைப்பதில்லை. நாடு தெரியாதவற்றுக்கான வரிதான் உச்சியில் நிற்கிறது. ஜிந்துப்பிட்டியிலிருந்து யாராவது டோர் வழியே ஒரு கணுவை ஓட்டினால், அதுவும் அந்த வரியில்தான் சேரும்.