கடனும் தீரவேண்டும், வீடும் நிலைக்கவேண்டும்

வீடு என்பது நம்மவர்க்கு வெறுங் கல்லும் சுண்ணாம்பும் அன்று. பாட்டன் அத்திவாரமிட, தந்தை சுவரெழுப்ப, மகன் ஓடு வேய, மூன்று தலைமுறையின் உழைப்பினால் எழுந்து நிற்கும் வீடுகள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் எத்தனையோ உள. மகளுக்குச் சீதனமாவதும் அதுவே; முதுமையில் தலைசாய்க்க இடமாவதும் அதுவே. போர்க் காலத்தில் விட்டகன்று, திரும்பிவந்து மீண்டும் கட்டியவர்களுக்கு அதன் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அத்தகைய வீடு, மருத்துவச் செலவுக்கோ கலியாணச் செலவுக்கோ வாங்கிய கடனின் பொருட்டுப் பிறர் கைக்குப் போவதைக் காணும்போது நெஞ்சம் பதைக்கின்றது.

கடன்படுதல் குற்றமன்று. நோயும் பஞ்சமும் சொல்லிக்கொண்டு வருவனவல்ல. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நாம் மறந்திலோம். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் நூற்றுக்கு 7 என்னும் அளவால் உயர்த்தியது. மாறும் வட்டியில் வீட்டுக்கடன் பெற்றிருந்த குடும்பங்களின் தவணைப் பணம், அவர்கள் யாதொரு பிழையும் செய்யாதிருக்கவே ஏறியது. ஆகவே கடனாளியை ஏளனஞ் செய்வது அறிவுடைமையாகாது. ஆயின், கடன்பட்ட பின்னர் அதனை ஒழுங்குபடுத்தாதிருப்பதும், கையொப்பமிடும் தாளை வாசியாதிருப்பதும் வீட்டையே பறித்துவிடும். இவ்விரண்டைப் பற்றியுமே இங்கு எழுத முற்பட்டோம்.

முதலிற் செய்யவேண்டியது

கடனை மறைக்குங் குடும்பத்தில் கடன் வளரும். கணவன் பட்ட கடனை மனைவி அறியாள்; மனைவி சீட்டுப் பிடித்துக் கட்டமுடியாது இடர்ப்படுவதைக் கணவன் அறியான். இருவரும் தனித்தனியே புதுக்கடன் வாங்கிப் பழங்கடனை அடைப்பர். ஆதலின் ஒருநாள் மாலை, வீட்டில் வளர்ந்தவர் யாவரும் ஒன்றாயமர்ந்து, ஒரு கொப்பியை எடுத்து எல்லாக் கடன்களையும் எழுதுவது முதற்கடமை. யாரிடம் வாங்கியது, இன்று எஞ்சியுள்ள முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை தவணை பிந்தியுள்ளது, எதனைப் பிணையாக வைத்துள்ளோம் என்னும் ஐந்தும் அதில் இடம்பெறல் வேண்டும்.

பாடசாலையில் வட்டிக் கணக்குக் கற்கும் மாணவர் இவ்வேலைக்கு மிகவும் பொருத்தமானவர். 'நூற்றுக்கு ஐந்து வட்டி' என்று தந்தை சொன்னால், அது மாதத்துக்கு ஐந்து. ஆண்டுக்கு அறுபது என்று பிள்ளை எடுத்துக் காட்டட்டும். 'ஒரு இலட்சத்துக்கு மாதம் இரண்டு வீதந்தான் வட்டி' என்று கூறிக் கொடுக்கப்படும் கடனையும் அவர் கணித்துப் பார்க்கட்டும். பன்னிரண்டு மாதங்களுக்கும் முழு இலட்சத்துக்கே வட்டி போட்டால் வட்டி மட்டும் 24,000 ரூபா. மாதத் தவணை 10,333 ரூபா. மாதந்தோறும் முதல் குறைந்துவரவும் வட்டி குறையாதிருப்பதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 24 அன்று. ஏறத்தாழ 42 ஆகும். கடன் கொடுப்பவரிடம், 'வட்டி குறைந்துவரும் முதலுக்கா, முழு முதலுக்கா?' என்று கேட்க எவரும் கூச்சப்படலாகாது.

கடன்களை இனம்பிரித்தல்

எழுதிய கடன்களை மூன்று இனமாகப் பிரித்துக்கொள்ளலாம். வீட்டையோ காணியையோ பிணையாக வைத்துப் பெற்றவை முதலினம். நகையை அடைவு வைத்துப் பெற்றவை இரண்டாமினம். கைமாற்று, கடைக்கடன், சீட்டுக்காசு ஆகிய வெறும் வாக்கின்மேல் நிற்பவை மூன்றாமினம்.

இங்குதான் பலர் வழி தவறுகின்றனர். வாசலில் வந்து உரத்துப் பேசுங் கடன்காரனுக்கே முதலிற் பணம் போகின்றது; அமைதியாகக் கடிதம் அனுப்பும் வங்கியின் தவணை பிந்துகின்றது. உரத்துப் பேசுபவன் மானத்தை வாங்கலாம். ஆனால் வீட்டை வாங்க அவனிடம் ஒரு தாளும் இல்லை. அமைதியாக எழுதுபவரிடமோ அந்தத் தாள் இருக்கின்றது. ஆகவே வீட்டின்மேலுள்ள கடனின் தவணை, அரிசிக்கும் மருந்துக்கும் அடுத்தபடியாக, மாதத்தின் முதல் வாரத்திலேயே செலுத்தப்படவேண்டும். எஞ்சிய பணத்தைக் கொண்டு, அதிக வட்டியுள்ள கடனை முதலில் அடைத்து வரவேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

உதாரணமாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவன் மனைவி இருவரின் உழைப்பாலும் மாதம் 90,000 ரூபா வருகின்றது. உணவு, மின்சாரம், பிள்ளைகளின் படிப்பு, எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கிய 4,000 ரூபா ஆகிய யாவும் சேர்ந்து 52,000 ரூபா. எஞ்சுவது 38,000. வீடு திருத்த வங்கியிற் பெற்ற கடனின் மாதத் தவணை 15,000. அதனைக் கட்டியபின் கையிலிருப்பது 23,000.

மற்றைக் கடன்கள் மூன்று. ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வட்டியில் 2 இலட்சம் ரூபாவுக்கு நகை அடைவில் இருக்கின்றது; அதன் மாத வட்டி 3,000. ஐந்து வட்டிக்குக் கைமாற்றாக வாங்கியது ஒன்றரை இலட்சம். அதன் மாத வட்டி 7,500. கடைக்கடன் 24,000, அதற்கு வட்டியில்லை. அடைவுக்கு வட்டி 3,000, கடைக்காரருக்கு மாதம் 2,000 என்று ஒதுக்கிவிட்டு, மிகுதி 18,000 ரூபாவையும் ஐந்து வட்டிக் கடனுக்கே செலுத்துவார்களாயின், பதினொரு மாத முடிவில் அதில் 829 ரூபாவே எஞ்சும். பன்னிரண்டாம் மாதம் அக்கடனும் கடைக்கடனும் ஒருங்கே தீரும். அதன்பின் 23,000 ரூபாவும் அடைவுக்குச் சென்றால், மேலும் பத்து மாதங்களுள் நகை வீடு வந்து சேரும். இரண்டு ஆண்டு நிறையுமுன் வங்கிக் கடனொன்றைத் தவிர வேறு கடனில்லை.

இதே குடும்பம் ஐந்து வட்டிக்காரருக்கு வட்டியை மாத்திரம் கட்டி வந்தால், இரண்டு ஆண்டுகளில் 1,80,000 ரூபா கொடுத்திருக்கும். முதல் ஒன்றரை இலட்சமும் அப்படியே நிற்கும். வருமானம் ஒன்றே, கடனும் ஒன்றே. வேறுபட்டது வரிசை மாத்திரமே.

சில வட்டிக்காரர் முதலைச் சிறிது சிறிதாகப் பெற இணங்குவதில்லை. அவ்வாறாயின், வட்டி போக மிகுதியைத் தம் பெயரில் வங்கியிற் சேர்த்துவைத்து, முதல் சேர்ந்தவுடன் மொத்தமாகத் தீர்க்கலாம்; காலம் சற்று நீளும், வழி ஒன்றே. எதுவாயினும், கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டுப் பெறவேண்டும். 'நமக்குள் எதற்குச் சீட்டு?' என்பவரிடம் சீட்டுக் கேட்பதே மிகவும் அவசியம்.

நுண்கடன் நிறுவனங்களின் கிழமைத் தவணைக் கடனை வாங்கிப் பழைய கடனை அடைப்பதைப் பற்றியும் ஒரு சொல். ஒன்றை அடைக்க ஒன்று வாங்கி, வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் பட்ட துன்பம் நாடறிந்தது. 2018 இல் அரசு, வறட்சியால் நலிந்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அளிக்க நேர்ந்தது. அத்தகைய நிவாரணம் மீண்டும் வருமென்று நம்பிக் கடன்படலாகாது.

கையொப்பத்தில் இருக்கும் ஆபத்து

மேற்சொன்ன குடும்பத்திடம் ஒருவர் வந்து, 'இத்தனை கடனும் எதற்கு? ஐந்து இலட்சம் தருகிறேன். வீட்டு உறுதியை மட்டும் என் பெயருக்கு எழுதுங்கள். பணத்தைத் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்' என்கிறார் என வைத்துக்கொள்வோம். களைத்த மனத்துக்கு அது அமுதம்போலத் தோன்றும். வீடு பறிபோகும் இடம் இதுவே.

காணியை வைத்துக் கடன் பெறும் வழிகள் ஒன்றல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1706 ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை தொகுத்த தேசவழமையிலேயே ஒற்றி பேசப்படுகின்றது. ஒற்றியில் காணியின் பயனைக் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பார், காணி உரியவருடையதே. ஈட்டிலும் காணி உரியவருடையதாகவே இருக்கும். கடன் தீராவிடில் ஈடு பெற்ற தனியார் நீதிமன்றம் சென்றே காணியை விற்பிக்க வேண்டும். விற்ற பணத்தில் கடனும் செலவும் போக மிஞ்சுவது கடனாளிக்குச் சேரும்.

நிபந்தனை உறுதியோ வேறு வகையினது. அது விலை உறுதி. குறித்த காலத்துள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் காணியை மீள எழுதித் தருவதாக அதில் ஒரு நிபந்தனை இருக்கும். காலங் கடந்தால், இருபது இலட்சம் பெறும் வீடு ஐந்து இலட்சத்துக்குப் போய்விடும். மிஞ்சியதைக் கேட்க உரிமை இராது. அந்த நிபந்தனையும் இல்லாமல், அறுதியாக எழுதிக் கொடுத்துவிட்டு வாய்ச்சொல்லை நம்புவது எல்லாவற்றிலும் கொடிது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி பற்றிய உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் அமைந்தாலன்றி வலிதாகாது. 'திருப்பித் தருவேன்' என்னும் வாய்மொழி காற்றோடு போகும். சூழ்நிலைகளைக் காட்டி, அது விற்பனையன்று, நம்பிக்கைப் பொறுப்பே என்று வழக்காடி வென்றவர்களும் உளர், ஆயினும் அவ்வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும், செலவும் மிகும்.

ஆகவே உறுதியில் ஒப்பமிடுமுன், 'இது ஈடா, விலையா?' என்ற ஒரு கேள்வியை நொத்தாரிசிடம் நேரிற் கேட்கவேண்டும். தமக்கு விளங்கும் மொழியில் வாசிக்கச் சொல்லவேண்டும். கடன் கொடுப்பவர் அழைத்துவந்த நொத்தாரிசை மாத்திரம் நம்பாது, வேறொரு சட்டத்தரணியிடம் காட்டுவது நன்று. வெற்றுத் தாளிலும் வெற்றுக் காசோலையிலும் ஒருபோதும் கையொப்பமிடலாகாது.

முன்னரே எழுதிக் கொடுத்துவிட்டவர் மனந்தளர வேண்டியதில்லை. இத்தகையோருக்காகவே 1941 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டத்தின்படி கடன் இணக்க சபை அமைந்துள்ளது. காணியை ஈடுவைத்தோ நிபந்தனை உறுதி எழுதியோ தனியாரிடம் கடன்பட்டவர் அதனிடம் விண்ணப்பிக்கலாம். சபை இருதரப்பாரையும் அழைத்து இணக்கங் காண முயலும். ஆனால் நிபந்தனை உறுதியில் குறித்த மீட்புக் காலம் முடியுமுன் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும். கடைசி நாள்வரை காத்திராது, பணம் சேராதென்று தெரிந்த அன்றே எழுதுவது புத்தி. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியற்றோர் 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வங்கிக் கடன் பிந்தினால்

வங்கிகளுக்கு 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் தனி அதிகாரம் அளித்துள்ளது. 'பராட்டே' என வழங்கும் இம்முறையின்கீழ், வங்கி நீதிமன்றம் செல்லாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கலாம். 2024 இல் இது தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டதேனும், அது சிறிது கால ஆறுதலேயன்றி நிலையான காப்பன்று. ஏலத்துக்குமுன் வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் நிறைவேற்றி, வர்த்தமானியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வேண்டும். ஏல நாளுக்குமுன் நிலுவை முழுவதையும் வட்டி, செலவுகளுடன் செலுத்தினால் ஏலம் நிற்கும். ஆனால் அந்நிலைக்கு வந்த குடும்பம் முழுப் பணத்தையும் எங்கே தேடும்? ஆகவே முதல் தவணை பிந்துமுன்னரே, மேற்சொன்ன கொப்பியுடன் முகாமையாளரைக் கண்டு, 'மாதம் இவ்வளவு கட்ட முடியும். காலத்தை நீட்டித் தாருங்கள்' என்று எழுத்தில் விண்ணப்பித்து, அதன் பிரதியையும் விடையையும் பத்திரப்படுத்த வேண்டும். கணக்கோடு வருபவரின் வேண்டுகோள் வெறுங்கையோடு வருபவரின் வேண்டுகோளிலும் வலிது.

எல்லாக் கடனையும் திரட்டி வீட்டின்மேல் ஒரே வங்கிக் கடனாக்கினால் வட்டி குறையும் என்பர். குறைவது உண்மையே. ஆயின் நேற்றுவரை வெறும் வாக்கின்மேல் நின்ற கடைக்கடனுக்கும் இன்று வீடு பிணையாகின்றது. நிலையான வருமானமுடையோர் எண்ணிப் பார்க்கலாம். நாட்கூலியை நம்பியோர் அதனைத் தவிர்ப்பதே நன்று.

கடன் தீர்ந்தபின்

கடைசித் தவணை கட்டியதோடு காரியம் முடிந்ததன்று. ஈடு நீக்கியதற்கான உறுதியை எழுதுவித்துக் காணிப் பதிவகத்திற் பதிவுசெய்து, மூல உறுதியை மீளப்பெற்றால்தான் வீடு முற்றாக நம்முடையது. இதனைச் செய்யாது விட்டால், பிற்காலத்தில் மகளுக்குச் சீதனம் எழுதும்போது தீர்ந்துபோன கடன் பதிவேட்டில் உயிரோடு நிற்பதைக் காண நேரிடும்.

இவற்றைச் செய்வதற்குப் பெருஞ் செல்வம் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும், குடும்பத்தாரிடம் மறைவின்மையும், ஒப்பமிடுமுன் சற்றுப் பொறுக்கும் மனமுமே வேண்டும். விரலுக்கேற்ற வீக்கமாக வாழ்ந்து, வரிசையறிந்து கடனை அடைக்கும் குடும்பம் சில காலம் நெருக்கிச் செலவு செய்ய நேரிடும்; ஆயின் தன் கூரையின் கீழிருந்தே அதனைச் செய்யும்.